பாசா, கொடுவா ஃபில்லெட்: தண்ணீர் விடாமல், உடையாமல் சமைக்க

வஞ்சிரத் துண்டுக்குத் தடவும் அதே மசாலாவைப் பாசா ஃபில்லெட்டுக்கும் (முள் நீக்கிய சதைத் துண்டு) தடவி, அதே கல்லில் அதே நேரம் பொரித்தால் என்ன ஆகும் என்று வாங்கிச் சமைத்தவர்களுக்குத் தெரியும். கல் முழுக்கத் தண்ணீர் விடும். மசாலா கழன்று அடியில் ஒட்டிக் கரியும். திருப்பும்போது மீன் மூன்றாக உடையும். கடைசியில் 'பாசாவில் ருசியே இல்லை' என்று பழி மீன்மேல் விழும். வஞ்சிரத்தில் நடுமுள்ளும் சுற்றியுள்ள தோலும் சதையைக் கட்டிப் பிடிக்கின்றன, கொழுப்பும் அதிகம். தோலையும் முள்ளையும் எடுத்துவிட்ட வெள்ளைச் சதைக்கு அந்தப் பிடிமானம் எதுவும் இல்லை. ஆகவே முறையும் வேறாகத்தான் இருக்க வேண்டும். அந்த முறையில் முக்கால்வாசி தண்ணீரைக் கையாளுவதுதான்.

முதலில் என்ன வாங்குகிறோம் என்று பார்த்துவிடலாம். சூப்பர் மார்க்கெட் ஃப்ரீஸரில் பாசா என்று கிடைப்பது பங்காசியஸ் என்ற கெளுத்தி வகை. செதில் இல்லாத நன்னீர் மீன். வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் பெருமளவில் வளர்க்கிறார்கள், நம் ஆந்திராவிலும் வளர்ப்பு உண்டு. விலை குறைவு, முள் கிடையாது, வாசம் மிகக் குறைவு. குழந்தைகளுக்கும், முள்ளுக்குப் பயந்து மீனைத் தவிர்ப்பவர்களுக்கும் நல்ல தொடக்கம்.

இன்னொன்று கொடுவா. கடலிலும் கழிமுகத்திலும் வாழும் மீன். 1997-ல் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கொடுவாவை வளர்ப்பு நிலையிலேயே குஞ்சு பொரிக்க வைத்தது. பண்ணைக் கொடுவா இங்கே பரவலாக வளர வழி பிறந்தது அதன் பிறகுதான். கொல்கத்தாக்காரர்கள் பெட்கி என்று கொண்டாடுவதும் இதே மீனைத்தான். அவர்கள் ஊரின் பேர்பெற்ற ஃபிஷ் ஃப்ரை பெட்கி ஃபில்லெட்டில்தான் செய்யப்படுகிறது. என்னைக் கேட்டால், காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்கிற நாளில் கொடுவாதான். அடுக்கடுக்காகப் பிரியும் சதை, லேசான இனிப்பு, தோலோடு பொரித்தால் மொறுமொறுப்பு. ஜிலேபிக் கெண்டை ஃபில்லெட்டும் கிடைக்கிறது. பாசாவைவிடச் சதை கொஞ்சம் கெட்டி, சமைக்கும் முறை ஒன்றுதான்.

கொடுவாவை ஃபில்லெட்டாகவே தேடி அலைய வேண்டாம். மீன் மார்க்கெட்டில் முழு மீனாக எடை போட்டு, வெட்டும் இடத்தில் "நடுமுள் எடுத்து ரெண்டு பக்கமும் சதையா குடுங்க, தோல் இருக்கட்டும்" என்று சொன்னால் செய்து தருவார்கள். ஒரு கிலோ மீனில் 400 முதல் 450 கிராம் சதை தேறும். தலையையும் நடுமுள்ளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். குழம்பு வைக்கும்போது அவைதான் கைகொடுக்கும். வீட்டுக்கு வந்ததும் சதையின் நடுக்கோட்டில் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக விரலை ஓட்டினால் நுனி நுனியாகச் சில முட்கள் தட்டுப்படும். புருவம் எடுக்கும் இடுக்கியால், முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுத்தால் சதை கிழியாமல் வரும்.

உறைந்த பாக்கெட்டில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, மீனின்மேல் இருக்கும் பனி உறை. மீன் ஃப்ரீஸரில் காய்ந்துபோகாமல் இருக்க மெல்லிய பனிப் படலம் ஏற்றுவது வழக்கமான நடைமுறைதான், தவறில்லை. ஆனால் படலம் தடித்தால் மீன் விலைக்குத் தண்ணீர் வாங்குகிறோம். பனி நீங்கலான நிகர எடை என்ன என்று பாக்கெட்டின்மேல் பாருங்கள். இரண்டாவது, சேர்மானப் பட்டியல். 451 அல்லது 452 என்ற எண் இருந்தால் பாஸ்பேட் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அது சதைக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அப்படிப்பட்ட ஃபில்லெட் பனி விட்ட பிறகும் கண்ணாடிபோல் பளபளக்கும், தொட்டால் வழுக்கும், வெந்த பிறகு ரப்பர் மாதிரி துள்ளும். எத்தனை நல்ல மசாலா போட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பட்டியலில் 'மீன்' என்று மட்டும் இருக்கும் பாக்கெட்டைத் தேடி எடுங்கள்.

பனி விடவைப்பதில் அவசரம் கூடாது. முந்தின இரவே ஃப்ரீஸரிலிருந்து எடுத்து, ஒரு தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவது நல்லது. காற்று நீக்கி இறுக்கமாக ஒட்டிய பாக்கெட்டாக இருந்தால் ஃப்ரிட்ஜில் வைக்கும் முன்பே உறையை வெட்டித் திறந்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு வகை நச்சுக் கிருமி மீனில் இருக்கக்கூடும், அது ஃப்ரிட்ஜின் குளிரிலும் மெல்லப் பெருகும். நேரமில்லாதபோது, தண்ணீர் புகாத பையில் போட்டுக் குழாய்த் தண்ணீரில் முக்கி வைத்தால் 30 அல்லது 40 நிமிடத்தில் இளகிவிடும். வெந்நீரில் போட்டால் ஓரம் வெந்து நடு கல்லாக நிற்கும். மேடையில் மணிக்கணக்காக வெளியே வைப்பது நம் ஊர் வெயிலுக்கு ஆகவே ஆகாது.

அடுத்தது கழுவல். முழு மீனை உப்பு, மஞ்சள் போட்டு நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவும் பழக்கத்தை ஃபில்லெட்டில் விட்டுவிட வேண்டும். கழுவ வேண்டிய செதில், இரத்தம், குடல் எதுவும் இதில் இல்லை. வெட்டுப்பட்ட சதை இரு பக்கமும் திறந்து கிடக்கிறது. தண்ணீரில் ஊற ஊற மேற்பரப்பு குழையும். மனசு கேட்கவில்லை என்றால் ஓடும் தண்ணீரில் ஒரே ஒரு முறை காட்டி எடுங்கள், போதும். பாசாவின் ஒரு பக்கத்தில் நடுவே இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடும். சேற்று வாடை தங்குவது பெரும்பாலும் அங்கேதான். கத்தி நுனியால் வி வடிவில் மேலோட்டமாகச் சீவி எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் வாடை தெரிந்தால் புளித்த மோரில் 15 நிமிடம் போட்டு வடித்துத் துடையுங்கள். அந்தச் சேற்று வாடையைத் தரும் பொருள் புளிப்பில் சிதைந்துவிடும். ஆற்று மீனுக்குப் புளி கூடுதலாகக் கரைத்து ஊற்றுவதன் பலனும் இதுதான்.

இனி உப்பு. அரை கிலோ ஃபில்லெட்டுக்கு முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள். இரு பக்கமும் தூவி, ஓட்டைத் தட்டில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். மசாலா இப்போது வேண்டாம். அடியில் தண்ணீர் சொட்டி நிற்பதைப் பார்க்கலாம். கல்லில் விட இருந்த தண்ணீர் அது. உப்பு வேறு ஒரு வேலையும் செய்கிறது: மேற்பரப்புப் புரதத்தைக் கொஞ்சம் கரைத்து இறுக்குகிறது. அதனால் வேகும்போது வெள்ளையாகப் பொங்கி வழியும் கசிவு குறைகிறது, துண்டும் எளிதில் உடையாது. நேரம் ஆனதும் சுத்தமான பருத்தித் துணியாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுங்கள். துணியை மீனில் வைத்து எடுத்தால் ஈரத் தடம் படியாத அளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் மீதி எல்லாத் தொல்லையும்.

துண்டு போடுவதிலும் கவனம் வேண்டும். ஒரு பாசா ஃபில்லெட்டில் தலைப்பக்கம் 2 செ.மீ. தடிமன் இருக்கும், வால்பக்கம் 1 செ.மீ.கூட இருக்காது. முழுசாகக் கல்லில் போட்டால் வால் காய்ந்து நாராகும் நேரத்தில் தலைப்பக்கம் பச்சையாக இருக்கும். வால்பகுதியைத் தனியே வெட்டிவிடுங்கள். மீதியைக் குறுக்கே மூன்று விரல் அகலத் துண்டுகளாக்குங்கள். வால் துண்டுகளைக் கடைசி ஈட்டில் போட்டு முதலிலேயே எடுத்துவிடலாம்.

பொரியல் மசாலா, அரை கிலோவுக்கு: மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன் (ஒன்று காரத்துக்கு, ஒன்று காஷ்மீரி மிளகாய் நிறத்துக்கு), மிளகுத்தூள் அரை டீஸ்பூன், சோம்புத்தூள் அரை டீஸ்பூன், வீட்டில் கெட்டியாக அரைத்த இஞ்சி பூண்டு விழுது ஒரு டீஸ்பூன், அரிசி மாவு ஒரு டேபிள்ஸ்பூன், நல்லெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். உப்பு ஏற்கனவே போட்டாயிற்று, மறுபடி வேண்டாம். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்காதீர்கள். எண்ணெயில்தான் குழைக்க வேண்டும். மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில் கரைபவை, அதனால் சுவையும் கூடும், ஈரமும் ஏறாது. கடையில் வாங்கிய இஞ்சி பூண்டு விழுது என்றால் அதில் தண்ணீர் அதிகம், ஒரு வடிகட்டியில் பிழிந்துவிட்டுப் போடுங்கள். அரிசி மாவு மிச்ச ஈரத்தை உறிஞ்சி மொறுமொறுப்பு தரும். சோள மாவு போட்டால் மேலே மெல்லிய ஓடாக வரும், ஆறினால் தளரும். மைதாவை நான் இந்தப் பக்கமே விடுவதில்லை, மெத்தென்று ஆகிவிடுகிறது.

மசாலாவில் எலுமிச்சை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எலுமிச்சைச் சாற்றில் மெல்லிய வெள்ளைச் சதை ஊறினால் அடுப்பில் ஏறும் முன்பே வெளுத்து, வெந்ததுபோல் ஆகிவிடும். பிறகு கல்லில் போட்டால் மாவாக உதிரும். வஞ்சிரத்துக்கு ஒரு மணி நேரம் ஊறவைப்பது சரி. இதற்குத் தடவி 10 நிமிடம் போதும், எலுமிச்சை தட்டில் வைத்துப் பிழிந்தால் போதும்.

கல்லில் போடும்போது

இரும்பு தோசைக்கல் பழகியதாக இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. புதுக் கல்லாக இருந்தால் நான்ஸ்டிக் எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் வாணலி வேண்டவே வேண்டாம். மிதமான தீக்குச் சற்று மேலே வைத்து, கல் 3 நிமிடம் காயட்டும். பிறகு கடலை எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். ஒரு கறிவேப்பிலையைப் போட்டால் உடனே படபடவென்று பொரிய வேண்டும். அப்படிப் பொரியாமல் சும்மா மிதந்தால் இன்னும் சூடு போதாது. சூடு பத்தாத கல்லில் மீன் புரதம் இரும்போடு பிணைந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒரு ஈட்டுக்கு நாலு துண்டுக்கு மேல் வேண்டாம், இடையில் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். நெருக்கிப் போட்டால் கல்லின் சூடு சட்டென்று இறங்கி, வரும் ஆவியும் போக வழியின்றி, மீன் பொரியாமல் வேக ஆரம்பிக்கும். சத்தத்தைக் கேட்டே இதைச் சொல்லிவிடலாம். கூர்மையான படபடப்பு இருந்தால் பொரிகிறது. சலசலவென்று மந்தமானால் தண்ணீரில் வேகிறது, உடனே ஓரிரு துண்டை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டுங்கள். மூடி போடவே கூடாது.

போட்ட பிறகு 3 நிமிடம் தொடாதீர்கள். ஓரங்களில் வெள்ளை நிறம் கீழிருந்து மேலேறுவது பக்கவாட்டில் தெரியும். முக்கால் உயரம் ஏறியதும் அகலமான தோசைத்திருப்பியை ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் பொரிந்து இறுகியிருந்தால் தானே வழுக்கி வரும். வரவில்லை என்றால் இன்னும் அரை நிமிடம் விடுங்கள், வலிந்து கிளப்பினால் மசாலா கல்லிலும் மீன் கையிலும் நிற்கும். ஒரே முறைதான் திருப்ப வேண்டும். மறுபக்கம் ஒன்றரை நிமிடத்திலிருந்து 2 நிமிடம். கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலையை எண்ணெயில் போட்டு அந்த எண்ணெயை மேலே ஒரு கரண்டி எடுத்து விட்டு இறக்குங்கள்.

தோலுள்ள கொடுவாவானால் தோல்பக்கத்தில் மசாலா தடவாதீர்கள், உப்பு மட்டும் போதும். தோலைக் கீழே வைத்துப் போட்டதும் அது சுருண்டு மேலெழும். திருப்பியால் முதல் 20 விநாடி மெல்ல அழுத்திப் பிடித்தால் படிந்துவிடும். மொத்த நேரத்தில் பெரும்பகுதி தோல் பக்கமே வேகட்டும், சதைப்பக்கத்துக்கு ஒரு நிமிடம் தாராளம்.

வெந்ததா என்று எப்படித் தெரியும்? மீன் சதை குட்டையான நார்கள் அடுக்கடுக்காக இருப்பது, அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு. சூடேறும்போது சவ்வு இளகி அடுக்குகள் வழுக்கிப் பிரிய ஆரம்பிக்கும். நடுச்சதை 60 டிகிரி செல்சியஸ் தாண்டிப் போகப் போக நார்கள் சுருங்கித் தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து தள்ளும். அதாவது பக்குவத்துக்கும் வறட்சிக்கும் நடுவே சில டிகிரிதான், கல்லில் அது ஒரு நிமிடம்கூட இல்லை. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 60-ல் இறக்குங்கள், தட்டில் இருக்கும்போதே இன்னும் சில டிகிரி ஏறும். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு அளவான 63-ஐ அதில் எட்டிவிடும். இல்லாதவர்கள் தடித்த இடத்தில் முள்கரண்டியை இறக்கி லேசாகத் திருகினால் அடுக்கு பிரிய வேண்டும், நடுவே கண்ணாடித்தன்மை மறைந்து பால்வெள்ளையாக இருக்க வேண்டும். தடிமன் ஒரு செ.மீ.க்கு மொத்தம் 4 நிமிடம் என்பது எந்த முறைக்கும் பொதுவான கணக்கு. அதை உச்ச வரம்பாக வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் முன்பே சோதியுங்கள்.

குழம்பும் சொதியும்

ஃபில்லெட்டில் புளிக்குழம்பு வைத்தால் சப்பென்று இருக்கிறது என்பது உண்மையான குறை. முள்ளும் தலையும் வேகும்போது இறங்கும் கொழகொழப்பும் சாறும்தான் மீன் குழம்பின் உடம்பு. அது இல்லாமல் வெறும் சதையைப் போட்டால் அது புளிக்குழம்பில் மிதக்கும் மீன், மீன் குழம்பு இல்லை. கேட்டு வாங்கிய தலை, நடுமுள்ளை முதலில் குழம்பில் போட்டு 15 நிமிடம் கொதிக்கவிட்டு, முள்ளை எடுத்துவிடுங்கள். எண்ணெய் பிரிந்து குழம்பு கெட்டியான பிறகு தீயைக் குறைத்து, உப்பிட்டுத் துடைத்த பெரிய துண்டுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வையுங்கள். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றிவிட்டு, 4 நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடலாம். மீதிச் சூட்டில் வெந்துவிடும். மறுநாளைக்கு வைப்பதாக இருந்தால் மீனைத் தனியாக எடுத்துவைத்துக் குழம்பை மட்டும் சூடாக்குங்கள். வஞ்சிரம் இரண்டாம் நாள் கொதியைத் தாங்கும், பாசா கரைந்துவிடும்.

இந்த மீனுக்கென்றே அமைந்தது என்றால் யாழ்ப்பாணத்துச் சொதிதான். காரமும் புளியும் அடங்கியிருப்பதால் மென்மையான மீனின் சுவை அமுங்காது. அரை கிலோவுக்கு: தேங்காயின் இரண்டாம் பால் ஒன்றரை கப், முதல் பால் அரை கப். சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் நாலு கீறியது, வெந்தயம் அரை டீஸ்பூன், மஞ்சள் கால் டீஸ்பூன், கறிவேப்பிலை ஒரு கொத்து, இவற்றோடு கொஞ்சமே உப்பு. எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் போட்டு வெங்காயம் குழையும் வரை, ஏறக்குறைய 10 நிமிடம் வேகவிடுங்கள். மீனைப் போட்டு மெல்லிய தீயில் 3 அல்லது 4 நிமிடம். முதல் பாலை ஊற்றி ஓரங்களில் குமிழி வரத் தொடங்கியதும் இறக்குங்கள். கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். சூடு சற்றுத் தணிந்த பிறகே அரை தேசிக்காய்ச் (எலுமிச்சை) சாறு. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் மொத்தமும் திரிந்துவிடும். இடியப்பத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை.

எண்ணெய் வேண்டாம் என்பவர்களுக்கு வாழையிலை. பார்சிகள் வெள்ளை வாவலில் பச்சைச் சட்னி தடவி இலையில் கட்டி அவிப்பார்கள், வங்காளிகள் பெட்கியில் கடுகு விழுது வைப்பார்கள். இரண்டுமே கொடுவா ஃபில்லெட்டுக்கு அருமையாகப் பொருந்தும். அரை மூடித் தேங்காய், ஒரு கைப்பிடி மல்லித்தழை, பாதியளவு புதினா, பச்சை மிளகாய் மூன்று, சீரகம் அரை டீஸ்பூன், பூண்டு நாலு பல் சேர்த்துக் கெட்டியாக அரைத்து, துடைத்த துண்டின் இரு பக்கமும் அப்புங்கள். இலையைத் தீயில் காட்டி வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. தண்ணீர் நன்றாகக் கொதித்த இட்லிப் பானையில் வைத்தால் 2 செ.மீ. தடிமனுக்கு 9 அல்லது 10 நிமிடம். இலை கொஞ்சம் சூட்டைத் தடுப்பதால் கூடுதலாக ஓரிரு நிமிடம் தேவைப்படுகிறது. பிரித்ததும் இலையில் நிற்கும் சாற்றைக் கொட்டாதீர்கள், சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுங்கள்.

பொரித்தது மிஞ்சினால் மறுபடி கல்லில் சூடாக்க வேண்டாம், மைக்ரோவேவிலும் வேண்டாம், இரண்டிலும் கட்டையாகிவிடும். கையால் உதிர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, சோம்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி, தீயை அணைத்த பிறகு உதிர்த்த மீனைப் போட்டுப் புரட்டினால் சுறாப்புட்டு மாதிரி வந்துவிடும். உப்பும் காரமும் மீனிலேயே இருப்பதால் ருசி பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாள் மதியத்துக்குள் ரசஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு முடித்துவிடுவது நல்லது.